ரெண்டாங்கிளாஸ் பசங்களுக்கு பல் சுத்தம் எப்படி சொல்லித் தர்றது? ஒரு பீரியட்ல முடியற விஷயமா இது?

ரெண்டாங்கிளாஸ்_டீச்சர்

வணக்கம் எல்லாருக்கும். பல் பாதுகாப்பு பத்தி பேசச் சொல்லி அடுத்த வாரம் எனக்கு ஒரு பீரியட் குடுத்திருக்காங்க. கிளாஸ்ல 34 பசங்க, எல்லாம் ஏழு வயசு. போன வருஷமும் நான்தான் எடுத்தேன், சார்ட் ஒட்டினேன், பெரிய மாடல் பல் செட் வெச்சு பிரஷ் பிடிச்சு காட்டினேன், காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவைன்னு கோரஸா சொல்ல வெச்சேன், கேள்வி கேட்டா டக்கு டக்குனு பதில் வந்துச்சு, எனக்கே ரொம்ப திருப்தி. ரெண்டு வாரம் கழிச்சு நேத்து ராத்திரி யாரெல்லாம் பல்லு விளக்கினீங்கன்னு கேட்டேன். எல்லா கையும் மேல போச்சு. திட்ட மாட்டேன், நிஜமா சொல்லுங்கன்னு சொன்னதும் ஒவ்வொரு கையா இறங்கி கடைசில அஞ்சு கைதான் நின்னுச்சு.

அதனால இந்த வருஷம் அதே சார்ட்டை தூக்கிட்டு போக மனசு வரல. இன்னொண்ணும் இருக்கு. என் கிளாஸ்ல ஒரு பையன், மேல் வரிசை முன்பல்லு நாலும் கறுத்து பாதி கரைஞ்சு போச்சு. சிரிப்பு வந்தா உடனே கையால வாயை மூடிப்பான், வாசிக்க எழுப்பினா உதட்டை இறுக்கிட்டே முணுமுணுப்பான். நல்லா வாசிக்கற பையன். நான் பல்லைப் பத்தி பேச ஆரம்பிச்சா மொத்த கிளாஸும் அவனைத்தான் திரும்பிப் பார்க்கும். அவன் மனசு நோகாம இதை எப்படி எடுக்கறது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பிள்ளைகள்_பல்டாக்டர்

டீச்சர், நீங்க பார்த்த அந்த அஞ்சு கைதான் உண்மையான ரிசல்ட். பேசினா அறிவு கூடும், பழக்கம் அவ்வளவு சுலபத்துல மாறாது, இதை நாங்களும் பல வருஷமா பார்க்கறோம். அதுக்காக பேசவே வேண்டாம்னு சொல்லல, ஆனா பேச்சு அஞ்சு நிமிஷம் போதும், மீதி நேரம் பிள்ளைங்க கையில பிரஷ் இருக்கணும்.

அந்த அஞ்சு நிமிஷத்துல என்ன சொல்லலாம்னா, சொத்தை எப்படி வருதுங்கறதை மட்டும் ஒரு கதையா சொல்லுங்க. பல்லு மேல நாக்கை வெச்சு தடவிப் பார்க்கச் சொல்லுங்க, ஒரு பிசுபிசுப்பு தெரியும், அதுதான் கிருமிகள் கூட்டமா ஒட்டிட்டு இருக்கற படலம். நாம இனிப்பு சாப்பிட்டா அதுங்களும் சாப்பிடும், சாப்பிட்டு அமிலத்தை விடும். பல்லு மேல இருக்கற எனாமல் நம்ம உடம்புலயே ரொம்ப கடினமான பொருள், ஆனா வாய்க்குள்ள பிஹெச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்னு அர்த்தம்) ஏறக்குறைய 5.5க்கு கீழ இறங்கினா அதுவும் கரைய ஆரம்பிச்சிடும். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தை மாத்தி, போன தாதுவை கொஞ்சம் கொஞ்சமா திருப்பி வெக்கும், அதுக்கு அரைமணி, ஒரு மணி நேரம் கூட ஆகலாம். அதுக்குள்ள அடுத்த மிட்டாயைப் போட்டா எச்சில் வேலையை முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எவ்வளவு சாப்பிட்டோம்ங்கறதை விட எத்தனை தடவை சாப்பிட்டோம்ங்கறதுதான் பெரிய விஷயம், அதனால ஒரு மிட்டாயை ஒரு மணி நேரம் சப்பற பிள்ளைக்கு ஆபத்து அதிகம். ராத்திரி பிரஷ் பண்றது ஏன் முக்கியம்னா தூக்கத்துல எச்சில் ரொம்ப குறைஞ்சிடும், ரிப்பேர் பண்ண ஆள் இருக்காது. இதை ஏழு வயசுப் பிள்ளை நல்லாவே புரிஞ்சுக்கும்.

தமிழம்மா

ஒரு சின்ன விஷயம். நாம பூச்சிப்பல்லுன்னு சொல்றோம் இல்லையா, குழந்தைங்க நிஜமாவே உள்ள ஒரு புழு உக்காந்து குடையுதுன்னு நினைக்குது. என் பேத்தி ராத்திரி அது காதுக்குள்ள போயிடுமான்னு கேட்டு அழுதா. பூச்சி எதுவும் இல்ல, சொத்தைன்னு சொன்னா போதும். அதே மாதிரி பல்லு தேய்க்கறதுங்கற வார்த்தையும் பசங்க கையை மாத்திடுது, தேய்னு சொன்னா பாத்திரம் தேய்க்கற மாதிரி இடமும் வலமுமா அழுத்தி இழுக்கறாங்க. நான் கிளாஸ்ல எப்பவும் விளக்குன்னுதான் சொல்வேன்.

பிள்ளைகள்_பல்டாக்டர்

அம்மா, ரொம்ப சரியா சொன்னீங்க. அழுத்தி இழுத்தா ஈறு காயமாகும், ஈறை ஒட்டின பல்லோட கழுத்துப் பகுதி தேயும். சின்னப் பசங்களுக்கு வட்டம் வட்டமா சுத்தற முறைதான் சுலபம், அமெரிக்காவுல ஆல்ஃபிரட் ஃபோன்ஸ்னு ஒரு பல் மருத்துவர் பேர்ல சொல்வாங்க. அவர்தான் 1913ல பிரிட்ஜ்போர்ட்ங்கற ஊர்ல பெண்களுக்கு பல் சுத்தம் பண்ணவும் சொல்லித்தரவும் பயிற்சி குடுத்து ஸ்கூல் ஸ்கூலா அனுப்பினவர். பல்லை சேர்த்து வெச்சுக்கிட்டு வெளிப்பக்கம் பெரிய வட்டம், உள்பக்கமும் கடிக்கற பக்கமும் முன்னும் பின்னும் மெதுவா. அவ்வளவுதான்.

ரெண்டுபசங்க_அம்மா

என் பெரியவனுக்கும் ஏழு வயசுதான். பாத்ரூம் உள்ள போவான், தண்ணி சத்தம் கேட்கும், இருபது செகண்டுல வெளிய வந்து முடிச்சிட்டேன்மா ம்பான், பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தா பாதி நாள் காய்ஞ்சு கிடக்கும். நான் பண்ணி விடறேன்னா நான் என்ன பாப்பாவான்னு கோபம். எத்தனை வயசு வரைக்கும் நாம பண்ணி விடணும்? என் மாமியார் விழப்போற பல்லு தானே, எதுக்கு இவ்வளவு பாடுபடறேன்னு கேக்கறாங்க, அதுக்கும் பதில் சொல்லத் தெரியல.

பிள்ளைகள்_பல்டாக்டர்

ஏழெட்டு வயசு வரைக்கும் கூட இருந்து உதவி பண்ணணும் மேடம். தானா ஷூ லேஸ் கட்டத் தெரியற அளவுக்கு விரல் பழகினாத்தான் பின்பல்லு வரைக்கும் பிரஷ் சரியா போகும்னு ஒரு கணக்கு வெச்சுக்கங்க. அவன் முதல்ல பண்ணட்டும், அப்புறம் அம்மா ஒரு தடவை செக் பண்றேன்னு சொல்லி கடைசி பல்லுகளை மட்டும் நீங்க பண்ணி விடுங்க, பாப்பாங்கற பேச்சு வராது.

விழப்போற பல்லுங்கறது பத்தி. பால்பல் மொத்தம் 20. முன்பல்லு ஆறேழு வயசுல விழும், ஆனா பின்னாடி கடைவாய்ப் பால்பல் பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் வாயில இருக்கணும், அது சீக்கிரம் போனா பக்கத்துப் பல்லு சாய்ஞ்சு, கீழ காத்திருக்கற நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாம போயிடும். வேர்ல சீழ் வெச்சா கீழ வளர்ற பல்லும் பாதிக்கப்படலாம்.

இன்னொரு விஷயத்தை எல்லா பெற்றோர்கிட்டயும் காலைப் பிடிச்சு சொல்லணும் போல இருக்கும் எனக்கு. ஆறு வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாமலே, வரிசைக்கு கடைசில சத்தமில்லாம ஒரு பெரிய பல்லு முளைக்கும். மேல ரெண்டு கீழ ரெண்டு. முன்னாடி எதுவும் விழாததால அதையும் பால்பல்னு நினைச்சுடறாங்க. அது நிரந்தரப் பல்லு, வாழ்நாளுக்கும் அதுதான். மேல ஆழமான பள்ளங்கள் இருக்கும், முளைச்சு வர்றப்போ மத்த பல்லை விட தாழ்வா நிக்கறதால பிரஷ் தாண்டிப் போயிடும். ஏழு வயசுல அதுல ஓட்டையோட வர்ற பிள்ளைங்களைப் பார்க்கறப்போ எனக்கு நிஜமா வயிறு எரியும்.

ஓய்வு_ஹெட்மாஸ்டர்

எல்லாம் சரி. நான் முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தினவன், என் அனுபவத்துல பயம் இல்லாம பழக்கம் வராது. அழுகின பல்லு, வீங்கின கன்னம், ஊசி, இப்படி நாலு படம் பெருசா காட்டுங்க, பசங்க அன்னிக்கு ராத்திரியே பிரஷ் எடுப்பாங்க. செல்லம் குடுத்து ஒண்ணும் ஆகாது டீச்சர்.

கவுன்சிலர்_அக்கா

சார், உங்க அனுபவத்து மேல மரியாதை வெச்சே மாத்தி சொல்றேன், ஏன்னா பல் சுத்தம் பாடத்தை வெச்சே இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஜானிஸ், ஃபெஷ்பாக்னு ரெண்டு உளவியலாளர்கள், 1953ல வெளியிட்டது. ஹைஸ்கூல் மாணவர்களைப் பிரிச்சு, பல் சுத்தம் பத்தி கால்மணி நேரப் பேச்சு, ஒரு குழுவுக்கு நீங்க சொன்ன மாதிரி கோரமான படங்களோட, ஒண்ணுக்கு நடுத்தரமா, ஒண்ணுக்கு பயமுறுத்தாம. கோரமான படம் பார்த்தவங்கதான் ரொம்ப கவலைப்பட்டாங்க, பேச்சும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. ஆனா ஒரு வாரம் கழிச்சு சொன்னதை எத்தனை பேர் செஞ்சாங்கன்னு பார்த்தா, பயமுறுத்தாத குழுவுல மாற்றம் 36 சதவீதம், நடுத்தரத்துல 22, அதிகமா பயமுறுத்தின குழுவுல வெறும் 8. பேச்சைக் கேட்டுட்டு நடுங்கிப் போன பிள்ளை, அந்த நினைப்பையே தள்ளி வெச்சுடுது, அதான் நடக்குது.

அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல பயம் சில நேரம் வேலை செய்யும்னும் பார்த்திருக்காங்க, ஆனா இதைச் செய், உன்னால முடியும்னு கையோட ஒரு வழியையும் காட்டணும். ஏழு வயசுக்கு பயத்தை விட்டுட்டு அந்த வழியை மட்டும் காட்டுங்க, அதுவே போதும்.

வாயைமூடிய_பையன்

இந்த இழையைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. அந்தப் பையன் மாதிரிதான் நானும் இருந்தேன். மூணாங்கிளாஸ் படிக்கறப்போ ஒரு குழு வந்து எல்லார் பல்லையும் பார்த்தாங்க. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சு, பாருங்க, பல்லு விளக்கலைன்னா இப்படித்தான் ஆகும்னு மொத்த ஸ்கூலுக்கும் காட்டினாங்க. அந்த டார்ச் வெளிச்சம் கண்ணுல பட்டது, வாயைத் திறந்து வெச்சதால எச்சில் வழிஞ்சது, துடைக்கக்கூட விடல. நான் தினமும் விளக்கினேன்ங்க. எனக்கு சின்ன வயசுல தூங்கறப்போ பாட்டில்ல இனிப்பு கலந்து குடுத்திருக்காங்க, அதுல முளைச்ச பல்லெல்லாம் அப்பவே போச்சுன்னு பெரியவனான பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறம் இருபது வருஷம் நான் டாக்டர்கிட்டயே போகல. பயம் வலியால இல்ல, திரும்ப யாராவது டார்ச் அடிச்சு திட்டுவாங்களோன்னு. நாலு நிரந்தரப் பல்லு போன பிறகுதான் போனேன்.

டீச்சர், அந்தப் பையன் பக்கம் திரும்பாதீங்க. அவனையும் எல்லாரோட சேர்த்து ஒருத்தனா நிக்க விடுங்க, அது போதும்.

ஓய்வு_ஹெட்மாஸ்டர்

தம்பி, படிச்சேன். இந்த மாதிரி ஒரு முகாமுக்கு நானும் மேடை போட்டுக் குடுத்திருக்கேன். அப்போ எனக்கு இது உறைக்கல. நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன் டீச்சர். ஒண்ணு மட்டும் கேக்கறேன், பயமும் இல்ல, ஒரு பீரியட் பேச்சும் போதாதுன்னா ஸ்கூல் என்னதான் செய்யலாம்?

ஸ்கூல்_நர்ஸ்

சார், கிளாஸ்லயே தினமும் விளக்க வெக்கறதுதான். பேச்சில்ல, செய்கை. ஸ்காட்லாந்துல சைல்ட்ஸ்மைல்னு ஒரு திட்டம், நர்சரியில தினமும் ஒரு தடவை பெரியவங்க மேற்பார்வையில பிள்ளைங்க பிரஷ் பண்ணுவாங்க. அங்க ஸ்கூல் சேர்ற அஞ்சு வயசுப் பிள்ளைங்கள்ல கண்ணுக்குத் தெரிஞ்ச சொத்தை இல்லாதவங்க 2003ல 45 சதவீதம், 2018ல 71 சதவீதம். வீட்டுக்கு பேஸ்ட் பிரஷ் குடுத்ததுன்னு கூட வேற வேலைகளும் நடந்துச்சு, ஆனா அடிப்படை இந்த தினசரி பிரஷ்தான். பிலிப்பைன்ஸ்ல அரசுப் பள்ளிகள்ல கை கழுவறதையும் பல்லு விளக்கறதையும் சேர்த்து கூட்டமா செய்ய வெச்சாங்க, டாக்டர் யாரும் வேண்டாம், டீச்சரே போதும்.

நாங்க ஸ்கூல்ல செய்யறோம், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம். சிங்க் கூட வேணாம். ஒவ்வொருத்தர் பிரஷ்லயும் பேரு, படிக்கத் தெரியாத சின்னதுக்கு ஒரு படம். டியூப்ல இருந்து நேரா பிரஷ்ல வெக்கக் கூடாது, ஒரு பிரஷ்ல இருந்து இன்னொண்ணுக்கு எச்சில் ஒட்டும், அதனால ஒரு தட்டு ஓரத்துல பட்டாணி பட்டாணியா தனித்தனியா வெச்சு, பசங்க அவங்க பிரஷ்ஷால எடுத்துக்கணும். உக்காந்த இடத்துலயே ரெண்டு நிமிஷம், அப்புறம் ஒரு பேப்பர் கப்ல துப்பறது. முடிஞ்சதும் பிரஷ்ஷை நான் ஓடற தண்ணியில அலசி, ஒண்ணோட ஒண்ணு முட்டாம, நிமிர்ந்தபடி, மூடி போடாம காய வெப்பேன், ஈரத்தோட மூடினா கிருமி வளரும். நார் விரிஞ்சா மாத்திடுவேன், இல்லேன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் வாரம் ரகளையாத்தான் இருக்கும், பசங்க பேஸ்ட்டை முழுங்கும், சட்டையில துப்பும். மூணாவது வாரத்துல நான் வர லேட்டானா அதுங்களே கேக்கும்.

நைட்ஷிஃப்ட்_அப்பா

நானும் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஃப்ளோரைடு பேஸ்ட் குழந்தைங்களுக்கு விஷம்னு எனக்கு தினமும் வாட்ஸப்ல வருது. அதனால என் பொண்ணுக்கு ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்கறேன். நீங்க ஸ்கூல்லயே குடுக்கறேன்னா கேள்வி வருது இல்லையா. ராத்திரி நான் வீட்ல இல்ல, அவ அம்மா களைச்சுப் போயிருப்பா, அதனால வீட்ல ராத்திரி பிரஷ் பாதி நாள் நடக்கறதில்லங்கறதையும் ஒத்துக்கறேன்.

பிள்ளைகள்_பல்டாக்டர்

சார், கேட்டது ரொம்ப நல்லது. ஃப்ளோரைடு சொத்தையைத் தடுக்க பேஸ்ட்ல சேர்க்கற ஒரு பொருள், ஆனா அந்த பயத்துக்குப் பின்னாலயும் ஒரு உண்மை இருக்கு. பல்லு எலும்புக்குள்ள உருவாகிட்டு இருக்கற வயசுல, அதாவது எட்டு வயசு வரைக்கும், அளவுக்கு மீறி ஃப்ளோரைடு வயித்துக்குள்ள போயிட்டே இருந்தா பல்லுல வெள்ளைக் கோடு, ரொம்ப அதிகமானா பழுப்புக் கறை வரும். ஃப்ளோரைடைப் பத்தி உலகம் தெரிஞ்சுக்கிட்டதே அந்தக் கறையால தான், 1901ல அமெரிக்காவுல கொலராடோவுல ஃப்ரெடெரிக் மெக்கேன்னு ஒரு டாக்டர் ஊர் முழுக்க பழுப்புப் பல்லா இருக்கேன்னு தேட ஆரம்பிச்சார், ஆனா அந்தப் பல்லுல சொத்தை மட்டும் குறைவா இருந்துச்சு. தண்ணியில இருந்த ஃப்ளோரைடுதான் காரணம்னு 1931ல தான் தெரிஞ்சுது. அதனால விஷயம் அளவுலதான் இருக்கு. மூணு வயசுக்குக் கீழ ஒரு அரிசி மணி அளவு, மூணுல இருந்து ஆறு வரைக்கும் பட்டாணி அளவு, விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் நீளத்துக்கு அலை அலையா வெக்கவே வேண்டாம். டியூப்ல ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) அல்லது அதுக்கு மேல இருக்கான்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல ஃப்ளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்திருக்கு. உங்க தண்ணியில ஏற்கனவே ஃப்ளோரைடு அதிகம்னு தெரிஞ்சா மட்டும் உங்க டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க.

பிரஷ் பண்ணினதும் துப்பினா போதும், வாய் நிறைய தண்ணி ஊத்திக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளிச்சா பல்லு மேல இருக்க வேண்டிய ஃப்ளோரைடும் சேர்ந்து போயிடும். நர்ஸ் மேடம் சிங்க் வேணாம்னு சொன்னதுல இந்த லாபமும் இருக்கு. ராத்திரி விட்டுப் போற வீட்டுக்கு ஸ்கூல்ல ஒரு தடவை நடக்கறது பெரிய துணை சார், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அறிவியல்_சார்

டீச்சர், ஏழு வயசுக்கு கண்ணால பார்க்கணும். முட்டை ஓட்டை வினிகர்ல போட்டா நுரை நுரையா வந்து மறுநாள் தோல் மாதிரி ஆயிடும், எல்லாரும் செய்வாங்க. நல்லாத்தான் இருக்கும், ஆனா முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், எனாமல் வேற தாது, பல்லு ஒரு ராத்திரில அப்படி கரையாதுன்னு சேர்த்தே சொல்லிடுங்க, இல்லேன்னா அதுவும் பயமுறுத்தற படமாயிடும்.

அதை விட எனக்குப் பிடிச்சது சிவப்பு மாத்திரை. மென்னு துப்பினா அந்தப் பிசுபிசுப்புப் படலம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கோ அங்க மட்டும் சிவப்பா நிக்கும், எரித்ரோசின்ங்கற சாயம். பல் மருத்துவர் மூலமா வாங்குங்க, அலர்ஜி இருக்கான்னு வீட்ல எழுதிக் கேளுங்க, சட்டையில பட்டா போகாது. முக்கியமா, முதல்ல நீங்க மெல்லுங்க.

ரெண்டாங்கிளாஸ்_டீச்சர்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஹெட்மிஸ்ட்ரஸ் சம்மதிச்சு, வீட்டுக்கு லெட்டர் போட்டு, கையெழுத்து வாங்கி, இப்போ தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம். ரெண்டு வீட்ல சம்மதம் இல்ல, அந்த ரெண்டு பேரும் மணல் கடிகாரத்தைப் பிடிச்சுக்கற வேலை, அதுக்கு இப்போ போட்டியே நடக்குது.

சிவப்பு மாத்திரை அன்னிக்கு அறிவியல் சார் சொன்ன மாதிரி முதல்ல நான் மென்னேன். கடைசிப் பல்லு ரெண்டும் செக்கச்செவேல்னு நின்னுச்சு. மிஸ்க்கே இருக்குன்னு ஒரே கூச்சல். அப்புறம் அவங்கவங்க கையில ஒரு சின்னக் கண்ணாடி, யாரும் அடுத்தவங்க வாயைப் பார்க்கக் கூடாது, அது மட்டும்தான் ரூல். அந்தப் பையன் சுவரோரமா திரும்பி நின்னு ரொம்ப நேரம் பார்த்தான். பக்கத்துல நின்ன பொண்ணு, பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கற பொண்ணு, ஐயோ எனக்கு எல்லாமே சிவப்புன்னு அவன்கிட்டயே காட்டினா. அவன் அவ வாயைப் பார்த்தான், திரும்ப கண்ணாடியைப் பார்த்தான், பிரஷ் எடுத்து கடைவாய்ப் பக்கம் வட்டம் போட ஆரம்பிச்சான், கிளாஸ்ல கடைசியா முடிச்சவன் அவன்தான், ஒரு சொட்டு சிவப்பு இல்ல.

அன்னிக்கு சாயந்தரம் எல்லாரும் போனதுக்கு அப்புறம் வந்து, மிஸ், இது விழுந்தா அடுத்து வர்றதும் கறுப்பாத்தான் வருமான்னு முன்பல்லைக் காட்டிக் கேட்டான். கையை எடுத்துட்டுத்தான் கேட்டான். இல்லப்பா, வெள்ளையா வரும்னு சொல்லிட்டேன். நான் சொன்னது சரிதானே டாக்டர்? அவன் அம்மாகிட்டயும் தனியா பேசினேன், டைரில எழுதல.

பிள்ளைகள்_பல்டாக்டர்

டைரில எழுதாம நேர்ல பேசினீங்களே, அதுக்கு நன்றி. அம்மாவை ஒரு தடவை பல் மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, முன்பல்லை விட கடைசில முளைச்ச அந்த நாலு நிரந்தரப் பல்லுக்காக. ஓட்டை விழறதுக்கு முன்னாடி பள்ளத்தை சீலன்ட்னு ஒரு பூச்சு வெச்சு அடைச்சிடலாம், ஊசி கிடையாது, துளை போட வேண்டியதில்ல.

முன்பல்லு பத்தி நீங்க சொன்னது பெரும்பாலும் சரி, புதுசு வேற பல்லு, அந்தக் கறுப்பு அதுக்கு ஒட்டிட்டு வராது, பால்பல் வேர்ல சீழ் கட்டியிருந்தா மட்டும் புதுப்பல்லுல ஒரு தழும்பு வரலாம், அதையும் டாக்டர் பார்த்துப்பார். ஆனா ஒண்ணை அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. புதுப்பல்லு வர்றப்போ ஓரம் ரம்பம் மாதிரி மூணு மேடா இருக்கும், நாள்பட அது தானா சமமாயிடும். நிறமும் பால்பல் அளவுக்கு பளிச்சுனு இருக்காது, லேசா மஞ்சள் தட்டும், எல்லாருக்கும் அப்படித்தான். வெள்ளையா வரும்னு காத்திருக்கற பிள்ளை மஞ்சளைப் பார்த்துட்டு திரும்ப கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழுத்தித் தேய்க்க ஆரம்பிச்சிடும்.

ரெண்டாங்கிளாஸ்_டீச்சர்

நல்லவேளை சொன்னீங்க டாக்டர், நாளைக்கு மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அவனைத் தனியா கூப்பிட்டு சொல்லிடறேன். ஒரு முன்பல்லு ஏற்கனவே ஆடுது.